“டக்... டக்...” சத்தம் அடங்குகிறது! கண்ணாடி கேமராவுக்கு இனி வாழ்வு உண்டா?

கல்யாண மண்டபம். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும். ஐயர் கையைத் தூக்கி ஆட்டுகிறார். “கெட்டி மேளம்... கெட்டி மேளம்!”

நாதசுரம் முழங்குகிறது. மேளம் அதிர்கிறது. அந்தச் சத்தத்தின் நடுவே இன்னொரு சத்தமும் கேட்கும்.

“டக்... டக்... டக்...!”

மேடைக்குக் கீழே ஒரு காலை மடக்கி நிற்கும் போட்டோகிராபரின் கேமரா போடும் சத்தம் அது. இருபது ஆண்டுகளாக நம் ஊர் கல்யாணங்களில் கேட்டுப் பழகிய சத்தம்.

அந்தச் சத்தம் இப்போது அடங்கிக்கொண்டு வருகிறது. அதைப் போட்ட “டி.எஸ்.எல்.ஆர்.” கேமராவின் இடத்தில், சத்தமே போடாமல் படம் எடுக்கும் “மிர்ரர்லெஸ்” கேமரா வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்படியானால் பழைய கேமராவின் கதை முடிந்ததா? நகையை அடகு வைத்து கேமரா வாங்கிய ஸ்டூடியோக்காரர் என்ன செய்வது? அதன் விவரம் வருமாறு:-

உள்ளே ஒரு கண்ணாடி

டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் லென்சைக் கழற்றிவிட்டு உள்ளே பாருங்கள். சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி தெரியும். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிதான்.

லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் இந்தக் கண்ணாடியில் பட்டு மேலே போகும். அங்கே உள்ள பட்டைக் கண்ணாடி அதைத் திருப்பி, போட்டோகிராபரின் கண்ணுக்கு அனுப்பும். லென்ஸ் பார்ப்பதையே அவரும் பார்க்கிறார்.

பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி “டக்”கென்று மேலே எழும்பும். ஷட்டர் திறக்கும். படத்தைப் பதிவு செய்யும் “சென்சார்” மீது வெளிச்சம் விழும். படம் பதிவாகும். ஷட்டர் மூடும். கண்ணாடி மறுபடி கீழே இறங்கும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில்!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கண்ணாடி மேலே எழும்பும் அந்த நொடியில் போட்டோகிராபரின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. எல்லாம் இருட்டு. தாலி கட்டும் அந்தக் கணத்தை மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். படம் எடுத்தவர் மட்டும் பார்த்திருக்க மாட்டார்!

மிர்ரர்லெஸ் கேமராவில் இந்தக் கண்ணாடியே கிடையாது. வெளிச்சம் நேராக சென்சாரில் விழுகிறது. சென்சார் பார்ப்பதை, கண் வைக்கும் இடத்தில் உள்ள குட்டி டி.வி. திரை காட்டுகிறது. படம் எடுத்தால் எப்படி வருமோ, அப்படியே முன்கூட்டித் தெரிந்துவிடும். வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் அங்கேயே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

அன்று ராஜா

கண்ணாடி கேமரா நேற்று வந்தது அல்ல. பிலிம் காலத்திலேயே வந்துவிட்டது.

ஜப்பானில் முதல் 35 மில்லி மீட்டர் கண்ணாடி கேமராவை அசாகி கம்பெனி 1952-ம் ஆண்டு கொண்டு வந்தது. அந்தக் கேமராவில் படம் எடுத்ததும் கண்ணாடி மேலேயே நின்றுவிடும். எடுத்த உடனே தானாக இறங்கும் கண்ணாடியை அதே கம்பெனி 1954-ம் ஆண்டு கொண்டு வந்தது. பின்னாளில் “பென்டாக்ஸ்” என்று பெயர் வாங்கியது இந்தக் கம்பெனியின் கேமராதான்.

1959-ம் ஆண்டு “நிக்கான் எப்” வந்தது. உலகம் முழுவதும் பத்திரிகை போட்டோகிராபர்கள் அதன் பக்கம் சாய்ந்தார்கள். அதற்கு முன்பு பேர் பெற்றிருந்த லைக்கா போன்ற “ரேஞ்ச் பைண்டர்” கேமராக்கள் பின்னுக்குப் போயின. அன்று மற்றவனைத் தள்ளிவிட்டு அரியணை ஏறியது இதே கண்ணாடிதான்!

பிறகு பிலிம் போய் டிஜிட்டல் வந்தது. 1999-ம் ஆண்டு நிக்கான் “டி 1” வந்தது. 2.7 மெகாபிக்சல்தான். விலையைக் கேட்டால் சாதாரண ஸ்டூடியோக்காரருக்குத் தலை சுற்றும். 2003-ம் ஆண்டு கேனான் “300 டி”யை ஆயிரம் டாலருக்கும் குறைவான விலையில் இறக்கியது. அதன் பிறகுதான் சாதாரண ஸ்டூடியோக்காரர் கையிலும் டி.எஸ்.எல்.ஆர். ஏறியது. டார்க் ரூமுக்கு பூட்டு விழுந்தது.

வீட்டுக்குள்ளேயே வந்த வினை

கண்ணாடிக்கு முதல் அடி 2008-ம் ஆண்டில் விழுந்தது. ஒன்றல்ல, இரண்டு அடி.

ஒன்று, வெளியில் இருந்து. அந்த ஆண்டு பானாசோனிக், ஒலிம்பஸ் கம்பெனிகள் கூடிப் பேசி ஒரு புதிய முறையை அறிவித்தன. அதன்படி பானாசோனிக் “ஜி 1” என்ற கண்ணாடி இல்லாத கேமராவைக் கொண்டு வந்தது.

இன்னொரு அடி வீட்டுக்குள்ளே இருந்தே வந்தது. அதே ஆண்டில் நிக்கான் “டி 90”, கேனான் “5 டி மார்க் 2” என்ற டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் வீடியோ எடுக்கும் வசதியோடு வந்தன. கல்யாண வீடியோக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள்.

ஆனால் வீடியோ எடுக்கும்போது கண்ணாடி எங்கே இருக்கிறது? மேலே தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது! வெளிச்சம் நேராக சென்சாருக்குப் போகிறது. பின்பக்கத் திரையில் படம் தெரிகிறது. அதாவது, கண்ணாடி இல்லாமலும் வேலை நடக்கும் என்று டி.எஸ்.எல்.ஆரே ஊருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டது.

2013-ம் ஆண்டு சோனி “ஏ 7” கேமராவைக் கொண்டு வந்தது. பிலிம் அளவுக்குப் பெரிய சென்சார், ஆனால் கண்ணாடி இல்லை. 2017-ம் ஆண்டு வந்த சோனி “ஏ 9” ஒரு நொடியில் 20 படம் எடுத்தது. சத்தமும் இல்லை, கண்ணில் இருட்டும் இல்லை.

அதுவரை பொறுத்துப் பார்த்த பெரியண்ணன்களும் 2018-ல் இறங்கி வந்தார்கள். நிக்கான் “இசட் 6”, “இசட் 7” கேமராக்களையும், கேனான் “இ.ஓ.எஸ். ஆர்” கேமராவையும் வெளியிட்டன.

எண்ணிக்கை சொல்லும் சேதி

ஜப்பான் கேமரா கம்பெனிகளின் சங்கம் ஆண்டுதோறும் எத்தனை கேமரா வெளியே போனது என்று கணக்கு கொடுக்கிறது. அதைப் பார்த்தால் நிலவரம் புரியும்.

2012-ம் ஆண்டு டி.எஸ்.எல்.ஆர். கேமரா சுமார் 1 கோடியே 60 லட்சம் போனது. அதுதான் உச்சம்.

2020-ம் ஆண்டு அது சுமார் 24 லட்சமாக இறங்கியது. அந்த ஆண்டு மிர்ரர்லெஸ் சுமார் 29 லட்சம். முதல் முறையாக இளையவன் மூத்தவனைத் தாண்டினான்.

2023-ம் ஆண்டு டி.எஸ்.எல்.ஆர். 12 லட்சத்துக்கும் கீழே. மிர்ரர்லெஸ் 48 லட்சத்துக்கு மேலே.

இதில் இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். போன இடத்தை முழுவதும் மிர்ரர்லெஸ் பிடித்துவிடவில்லை. 1 கோடியே 60 லட்சம் எங்கே, 48 லட்சம் எங்கே? நடுவில் நின்ற பெரும் கூட்டத்தை செல்போன் விழுங்கிவிட்டது. டி.எஸ்.எல்.ஆரை வெளியே தள்ளியது மிர்ரர்லெஸ் என்றால், கடையையே சுருக்கியது செல்போன்!

கம்பெனிகள் சொன்னது என்ன?

கேனான், நிக்கான் இரண்டுமே கடைசியாகப் புதிய டி.எஸ்.எல்.ஆர். மாடலை அறிவித்தது 2020-ம் ஆண்டில்தான். கேனான் “1 டி எக்ஸ் மார்க் 3”, “850 டி”, நிக்கான் “டி 780”, “டி 6” ஆகியவை அந்த ஆண்டு வந்தவை. அதன் பிறகு வந்ததெல்லாம் மிர்ரர்லெஸ்.

அதே 2020-ல், உலகின் பெரிய செய்தி நிறுவனங்களில் ஒன்றான அசோசியேட்டட் பிரஸ், தன் போட்டோகிராபர்கள் சோனி மிர்ரர்லெஸ் கேமராவுக்கு மாறுவதாக அறிவித்தது.

“1 டி எக்ஸ் மார்க் 3”தான் தங்களின் கடைசி உயர்தர டி.எஸ்.எல்.ஆர். என்ற தகவலை கேனான் தலைவர் புஜியோ மிதராய் 2021 கடைசியில் ஜப்பான் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார்.

2022 ஜூலையில் இன்னொரு ஜப்பான் பத்திரிகை, நிக்கானும் கண்ணாடி கேமராவை உருவாக்கும் வேலையில் இருந்து விலகுகிறது என்று எழுதியது. அது பத்திரிகையின் யூகம் என்றும், உற்பத்தியும் விற்பனையும் சர்வீசும் தொடர்வதாகவும் நிக்கான் பதில் சொன்னது. ஆனாலும் புது டி.எஸ்.எல்.ஆர். வரவில்லை.

பென்டாக்ஸ் மட்டும் பிடிவாதமாக நின்றது. கண்ணாடி வழியாகக் கண்ணால் நேரில் பார்ப்பதே அழகு என்று சொல்லி 2021-ல் “கே-3 மார்க் 3” கேமராவை விட்டது. 2023-ல் அதிலேயே கறுப்பு-வெள்ளை மட்டும் எடுக்கும் மாடலையும் விட்டது.

எல்லீஸ் ரோட்டில் ஒரு கேள்வி

சென்னை அண்ணாசாலை அருகே உள்ள எல்லீஸ் ரோடு கேமரா சாமான்களுக்குப் பேர் போனது. கேமரா, பிளாஷ், ஸ்டாண்டு, பேட்டரி, ஆல்பம் என்று போட்டோ தொழிலுக்கு வேண்டியதைத் தேடி வெளியூர்க்காரர்களும் வருவார்கள். இது மாதிரி கடை வாசலில் இப்போது இப்படித்தான் பேச்சு நடக்கும்:-

“அண்ணே, இந்த 5 டி-க்கு என்ன ரேட் போடுவீங்க?”

“தம்பி, நாலு வருசம் முன்னாடி வந்திருந்தா ஒரு ரேட்டு. இப்ப அந்த ரேட்டு வராதுப்பா.”

“நல்லாத்தான் ஓடுதுண்ணே. ஒரு கம்ப்ளெயிண்ட் கிடையாது.”

“ஓடுது தம்பி. யார் இல்லைன்னா? வாங்குறவன் கேக்கணுமே!”

இதுதான் இன்றைய சிக்கல். கேமரா கெட்டுப் போகவில்லை. அதன் மதிப்புதான் கெட்டுப்போனது.

மதிப்பு இறங்குகிறதே என்ற பயத்தில் பலர் கையில் இருப்பதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மீதிக்குக் கடன் வாங்கி மிர்ரர்லெஸ் வாங்குகிறார்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று கணக்கு போட வேண்டும்.

புது கேமரா என்றால் கேமரா மட்டுமா? கூடுதல் பேட்டரி வேண்டும். சில மாடலுக்கு மெமரி கார்டே வேறு. லென்ஸ் வேறு. முகூர்த்த மாதத்தில் தவணை கட்டிவிடலாம். ஆடியிலும் மார்கழியிலும் யார் கட்டுவது? கல்யாணம் நின்றாலும் வட்டி நிற்காது!

புதுசிலும் குறை உண்டு

மிர்ரர்லெஸ் என்றதும் எல்லாம் நிறை என்று நினைக்கக் கூடாது.

முதலில் பேட்டரி. குட்டி டி.வி. திரையும் சென்சாரும் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிக்கான் “டி 850” டி.எஸ்.எல்.ஆர். ஒரு பேட்டரியில் 1,840 படம் எடுக்கும் என்பது தொழில்முறைச் சோதனைக் கணக்கு. கிட்டத்தட்ட அதே பேட்டரி போட்ட மிர்ரர்லெஸ் “இசட் 7”-க்கு அதே சோதனையில் 330 படம்தான். நடைமுறையில் இரண்டிலுமே கூடுதலாக எடுக்கலாம் என்றாலும் வித்தியாசம் வித்தியாசம்தான். பின்னால் வந்த மாடல்கள் பல தேறிவிட்டன. ஆனாலும் பையில் கூடுதல் பேட்டரி இல்லாமல் மண்டபத்துக்குப் போக முடியாது.

இரண்டாவது, எல்.இ.டி. விளக்கு. இப்போது மண்டபம் எல்லாம் எல்.இ.டி. மயம். அந்த விளக்குகளில் பல, கண்ணுக்குத் தெரியாமல் மின்னிக்கொண்டே இருக்கும். சத்தம் இல்லாத முறையில் படம் எடுக்கும்போது, பல கேமராக்களில் சென்சார் வரி வரியாகத்தான் படத்தைப் படிக்கிறது. விளைவு? மணப்பெண் முகத்தில் கறுப்புக் கறுப்பாகக் கோடு! வீட்டுக்கு வந்து பார்த்த பிறகு தலையில் கை வைத்துப் பயன் இல்லை.

மூன்றாவது, தூசி. லென்ஸ் மாற்றும்போது முன்னால் மறைப்பாக நிற்கக் கண்ணாடி இல்லை. சென்சார் வெட்டவெளியில் இருக்கும். அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும் மாடல்களும் உண்டு. அது இல்லாதவற்றில் கவனம் தேவை.

அதே சமயம் நல்லதையும் சொல்ல வேண்டும். ஆளின் கண்ணைத் தேடிப் பிடித்து, அவர் நகர்ந்தாலும் விடாமல் போகஸ் செய்வதில் மிர்ரர்லெஸ் கெட்டிக்காரன். ஓடி விளையாடும் குழந்தை, ஊஞ்சலில் ஆடும் மணமக்கள் என்றால் அந்த வித்தியாசம் தெரியும். வீடியோவில் கேட்கவே வேண்டாம். வீடியோதான் உங்கள் வருமானத்தில் பாதி என்றால், மாறுவதற்குக் காரணம் இருக்கிறது.

லென்ஸ்தான் சொத்து

ஸ்டூடியோக்காரரின் பணம் அதிகம் முடங்கிக் கிடப்பது கேமராவில் அல்ல, லென்சில்தான். அது வீணாகிவிடுமா? ஆகாது.

கண்ணாடி எழும்பி இறங்க இடம் வேண்டும் என்பதால், டி.எஸ்.எல்.ஆரில் லென்சுக்கும் சென்சாருக்கும் நடுவே இடைவெளி அதிகம். கேனானில் 44 மில்லி மீட்டர். நிக்கானில் 46.5 மில்லி மீட்டர். மிர்ரர்லெஸ் மாடலில் கேனானுக்கு 20, நிக்கானுக்கு 16 மில்லி மீட்டர்தான். மிச்சம் உள்ள இடத்தில் ஒரு வளையத்தைப் பொருத்தினால் பழைய லென்ஸ் புதுக் கேமராவில் உட்கார்ந்துவிடும். இந்த வளையத்துக்கு “அடாப்டர்” என்று பெயர்.

கேனான் 1987-ல் கொண்டு வந்த “இ.எப்.” லென்ஸ்கள் இந்த வளையத்தோடு புதுக் கேமராவில் தானாகவே போகஸ் செய்யும்.

நிக்கான்காரர்கள் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். மோட்டார் உள்ளே இல்லாத பழைய லென்ஸ்கள் உண்டு. 50 மில்லி மீட்டர் “1.8 டி” போன்றவை. கேமராவில் உள்ள மோட்டார்தான் அவற்றைத் திருப்பும். நிக்கானின் “எப்.டி.இசட்.” வளையத்தில் அந்த மோட்டார் இல்லை. லென்ஸ் பொருந்தும், படமும் வரும். ஆனால் போகசை கையால்தான் திருப்ப வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கேமராவை மாற்றிவிட்டு முழிக்கக் கூடாது.

இன்னும் எத்தனை நாள்?

பிலிம் கேமரா போன கதையைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். கேனான் கடைசியாக விற்ற பிலிம் கேமரா “இ.ஓ.எஸ். 1 வி”. அதன் உற்பத்தி 2010-ல் நின்றது. இருப்பில் இருந்ததை 2018 வரை விற்றார்கள். ரிப்பேர் 2025 வரை செய்வதாக அறிவித்தார்கள். அதாவது, தயாரிப்பு நின்ற பிறகும் பதினைந்து வருடம் ஓட்டம்!

டி.எஸ்.எல்.ஆரும் ஒரே நாளில் நின்றுவிடாது. ஆனால் அதில் ஓடும் சாமான் அதிகம். கேனான் “5 டி மார்க் 4” கேமராவின் ஷட்டர் ஒன்றரை லட்சம் கிளிக் தாங்கும் என்று சோதித்து விட்டிருக்கிறார்கள். ஒரு கல்யாணத்துக்கு 2 ஆயிரம் கிளிக், வருடத்துக்கு 25 கல்யாணம் என்றால் 50 ஆயிரம். மூன்று வருடத்தில் கணக்கு முடிந்துவிடும். அதன் பிறகும் பல கேமராக்கள் உழைக்கும். ஆனால் ஷட்டர் போனால் மாற்ற ஸ்பேர் வேண்டும். ஸ்பேர் கிடைக்கும் வரைதான் தொழிலுக்கு அது துணை.

ஆகவே, தொழிலில் இருப்பவர்கள் செய்யவேண்டியது இது:-

கையில் உள்ள கேமரா நன்றாக ஓடினால் பயந்து விற்காதீர்கள். ஷட்டர் எத்தனை கிளிக் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். சர்வீஸ் செய்யவேண்டி இருந்தால் ஸ்பேர் கிடைக்கும்போதே செய்துவிடுங்கள். அடுத்து வாங்கும்போது, கடன் இல்லாமல் முடிந்தால் மிர்ரர்லெஸ் வாங்குங்கள். பழையதை இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நேரத்தில் ஒன்று படுத்தால் இன்னொன்று கை கொடுக்கும்.

வாங்கப் போகிறீர்களா?

படிக்கும் பையன்களுக்கும், சின்னதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கும் இது நல்ல நேரம். ஒரு காலத்தில் எட்டாத உயரத்தில் இருந்த கேமராக்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் கைக்கு எட்டுகின்றன. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

ஆனால் மூன்று விஷயம் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

ஒன்று, ஷட்டர் கணக்கு. வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே இரண்டு லட்சம் ஓடியிருக்கும்.

இரண்டு, லென்சில் பங்கஸ். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். மூடிய பையில் மாதக்கணக்கில் கிடந்த லென்சில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை பிடித்திருக்கும். டார்ச் லைட்டை லென்ஸ் வழியாக அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வாங்கிய பிறகு சிலிக்கா ஜெல் போட்டு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

மூன்று, பில். பில் இல்லாத கேமராவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அது யார் வீட்டுக் கேமராவோ! போலீஸ் நிலையத்துக்கு நீங்கள் அலைய வேண்டி வரும்.

கண்ணாடி போனாலும்...

கண்ணாடி கேமராவின் பிறப்பு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. அதன் ஆயுள் இன்னும் முடியவில்லை. இதுதான் உண்மை நிலவரம்.

பெட்டி கேமரா போனது. பிலிம் போனது. டார்க் ரூம் போனது. ஒவ்வொரு முறையும் “தொழிலே போச்சு” என்றார்கள். தொழில் போகவில்லை. மாறத் தெரிந்தவரும் நின்றார், மாறும் நேரம் தெரிந்தவரும் நின்றார். கடன் வாங்கி முதலில் ஓடியவர்களில்தான் பலர் மூச்சு வாங்கினார்கள்.

நம் வீட்டு பீரோவில் பழைய கல்யாண ஆல்பம் இருக்கும். இன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள். அதில் அப்பா இருப்பார். தாத்தா இருப்பார். இப்போது இல்லாதவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

அது எந்தக் கேமராவில் எடுத்தது என்று இதுவரை யாராவது கேட்டிருக்கிறார்களா?